ஃபைட்டருக்கு எவ்வளவு தண்ணீர் போதும்?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில் ஒரு காட்சியைப் பல கடைகளில் பார்க்கலாம். உள்ளே பெரிய தொட்டிகளில் கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சல் எல்லாம் கூட்டம் கூட்டமாக நீந்தும். வாசல் பக்கம் ஒரு அலமாரியில் சின்னச் சின்ன பாட்டில்கள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீன். அரை லிட்டர் தண்ணீர்கூட இருக்காது. ஒன்றையொன்று பார்த்தால் சீறும் என்பதால் சில கடைகளில் பாட்டில்களுக்கு நடுவே அட்டை செருகியிருப்பார்கள். நாம் ஃபைட்டர் என்று கூப்பிடும் பெட்டா மீன் அதுதான்.

"இதுக்கு ஃபில்டர் வேண்டாமாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் அநேகமாக இப்படித்தான் வரும்: "ஒண்ணும் வேணாம் தம்பி. இது காத்துலயே மூச்சு விடும். சின்ன பவுல் போதும். எதையும் தாங்கும்."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் பற்றியது. எதையும் தாங்குமா என்பது உயிரியல் கேள்வி, அதற்குப் பதில் தேடினால் கிடைக்கும். தாங்கும் என்பதாலேயே தாங்க வைக்கலாமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வி மீனோடு நிற்பதில்லை என்பதால்தான் எனக்கு இதை எழுதத் தோன்றியது.

*

முதலில் உயிரியல். கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. பெட்டாவின் செவுள்களுக்கு மேலே, தலைக்குள், மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு இருக்கிறது. லேபிரிந்த் என்று பெயர். மீன் நீர்ப்பரப்புக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். அந்த மடிப்புகளில் இருக்கும் ரத்தக் குழாய்கள் காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். இது நமக்கு அந்நியமான சங்கதியும் அல்ல. நம் ஊர்க் குளங்களில் இருக்கும் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனை மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அப்படியொரு மீனைப் பார்த்ததாக 1790களிலேயே எழுதி, ஐரோப்பாவில் நெடுநாள் விவாதத்தைக் கிளப்பினார்.

பெட்டாவின் சொந்த ஊர் தாய்லாந்து. சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியின் சதுப்புகள், வாய்க்கால்கள், நெல் வயல்கள். தாய் மொழியில் அதன் பெயர் 'ப்லா காட்', அதாவது கடிக்கும் மீன். சண்டைக்காகவும் பிறகு அழகுக்காகவும் குறைந்தது 400 வருடங்களாக மனிதர்கள் அதை வளர்த்து வருகிறார்கள் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. 1910இல் ரீகன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதற்கு 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்' என்று பெயர் வைத்தார். 2019இல் தாய்லாந்து அரசு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

நெல் வயல் என்றதும் "அப்போ சின்னக் குட்டையிலதானே இருக்கும், பவுல்ல இருந்தா என்ன?" என்று ஒரு வாதம் வரும். வயலில் தண்ணீர் ஆழம் குறைவு, சரி. ஆனால் அகலம்? வரப்புக்கு வரப்பு நிற்கும் தண்ணீர், அதில் நெல்லின் தண்டுகள், களைகள், ஒளிய இடம், புழு பூச்சி. ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோகும் நாட்களுக்காகத்தான் அந்த உறுப்பு இருக்கிறது. நம் உடலும் பட்டினிக் காலத்துக்கென்று கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. அதைப் பார்த்து யாரும் "இவனுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு வேளை போதும்" என்று மெஸ் நடத்துவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. லேபிரிந்த் மூச்சுப் பிரச்சினையைத்தான் தீர்க்கும், கழிவுப் பிரச்சினையைத் தீர்க்காது. மீனின் உடலிலிருந்து அமோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அமோனியாதான். அரை லிட்டர் தண்ணீரில் அது கலந்து விலகிப்போக இடமே இல்லை. காற்று வெளியே இருந்து கிடைத்துவிடும். விஷம் உள்ளேயே தங்கிவிடும். மற்ற மீனாக இருந்தால் அந்தப் பாட்டிலில் மூச்சு முட்டிச் சீக்கிரம் செத்து, "இது சரிப்படாது" என்று கடைக்காரருக்கே காட்டிக் கொடுத்திருக்கும். பெட்டா சாகாமல் இருக்கிறது. அதனால் பாட்டிலும் இருக்கிறது.

*

எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு டேட்டாஷீட் என்றால் என்னவென்று தெரியும். ஒவ்வொரு சிப்புக்கும் அதன் குணங்களைச் சொல்லும் ஆவணம். அதில் இரண்டு விதமான எண்கள் இருக்கும். எந்த அளவுகளுக்குள் இந்த சிப் ஒழுங்காக வேலை செய்யும் என்பது ஒன்று. எந்த அளவைத் தாண்டினால் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம் என்பது இன்னொன்று. உதாரணமாக, ஆர்டுயினோ போர்டுகளில் பரவலாக இருக்கும் ஏடிமெகா 328பி சிப் 5.5 வோல்ட் வரை வேலை செய்யும். அதன் உச்ச எல்லை 6 வோல்ட். இந்த இரண்டாவது எண்ணை வைத்து டிசைன் செய்யக்கூடாது என்பது முதல் வருடப் பாடம். உச்ச எல்லை என்பது உத்தரவாதம் அல்ல. அதற்கு மேல் அழிவு என்பது மட்டும்தான் அதன் பொருள். அதற்குக் கீழே எல்லாம் நலம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

"எதையும் தாங்கும்" என்பது இரண்டாவது அட்டவணையைப் படித்துவிட்டு முதலாவது அட்டவணை என்று நம்புவது.

ஒரு சிப்பில் இதைச் செய்தால் டிசைன் ரிவ்யூவில் கழுவி ஊற்றுவார்கள். ஆனால் உயிர்களிடம் நாம் தினமும் இதைத்தான் செய்கிறோம், மீனிடம் மட்டுமல்ல. பத்துக்குப் பத்து அறையில் நாலு கட்டில் போட்ட பிஜி ஹாஸ்டலைக் காட்டி "பசங்கதானே, அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க" என்கிறோம். ஓஎம்ஆரில் உயரும் அபார்ட்மெண்டுகளுக்குப் பக்கத்திலேயே, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் தூங்கும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பார்த்து "அவங்களுக்கு அதெல்லாம் பழக்கம்" என்கிறோம். வீடுகளில் இந்த வாக்கியம் அதிகம் சொல்லப்பட்டது அநேகமாக அம்மாக்களைப் பற்றித்தான். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தில் சாப்பிடுவதைத் தாங்கியவர்கள், தாங்கியதாலேயே அதுதான் அவர்களுக்குப் பிடிக்கும் என்று முடிவு கட்டப்பட்டவர்கள்.

இந்தத் தர்க்கத்தில் ஒரு விசேஷமான அநியாயம் இருக்கிறது. பலவீனமானது செத்துப்போய்த் தன் தேவையை நிரூபிக்கிறது. உறுதியானது உயிரோடு இருந்து தனக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

*

சரி, முதல் அட்டவணையில் என்ன இருக்கிறது? முதல்முறையாகத் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். இதில் ராக்கெட் வித்தை எதுவும் கிடையாது.

20 லிட்டர் தண்ணீர் நல்ல தொடக்கம். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டியில் சுமார் 28 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு விரற்கடை விட்டு நிரப்புங்கள், மீனுக்குக் காற்று வேண்டும். மூடி கட்டாயம், ஏனென்றால் பெட்டா குதிக்கும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ். சென்னையில் பெரும்பாலான மாதங்கள் ஹீட்டர் தேவைப்படாது. பெங்களூரிலோ ஊட்டியிலோ தேவைப்படும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், அதையும் மெதுவாக ஓடவிடுங்கள். கடையில் விற்கும் பெட்டாவின் நீளத் துடுப்புகள் காட்டு மீனுக்குக் கிடையாது. அவை நாம் நம் கண்ணுக்காக வளர்த்தவை. வேகமான நீரோட்டத்தில் அந்த மீன் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியது போலத் தவிக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிக்க, மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று கிடைக்கும். நீர்ப்பரப்புக்குப் பக்கத்தில் படுத்து ஓய்வெடுக்க அகலமான இலைச் செடி ஒன்று வேண்டும். அனுபியாஸ் நல்லது, சாகடிப்பது கஷ்டம்.

காய்ந்து பழுப்பாக உதிர்ந்த பாதாம் இலை ஒன்று போடலாம். நம் பள்ளிக்கூட மைதானங்களில் நிற்குமே, அந்த நாட்டு வாதுமை மரம்தான். பூச்சிமருந்து அடிக்காத மரமாகப் பார்த்து எடுத்துக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் சில நாளில் கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும். வீட்டுக்கு வருபவர்கள் "தண்ணி மாத்தலியா?" என்று கேட்பார்கள். பளிங்கு போன்ற தண்ணீர், நீல நிறக் கல், பிளாஸ்டிக் கோட்டை எல்லாம் பார்க்கிறவருக்கான ஏற்பாடு. இலை ஊறிய பழுப்புத் தண்ணீர் மீனுக்குப் பழகிய ஊர்.

இவை எல்லாம் ஒரு மாலையில் முடிகிற வேலை. முடியாத வேலை ஒன்று இருக்கிறது, அது காத்திருப்பு. அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது குறைந்த அளவில் பரவாயில்லை. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் அது கட்டுக்குள் இருக்கும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவில் இருக்காது. அவை ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு, அழுகவிட்டு, டெஸ்ட் கிட்டில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு வந்து, அங்கேயே நின்றால் தொட்டி தயார்.

அந்த வாரங்களில் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாலாவது படிக்கிறாள். "மாமா, மீனே இல்ல. யாருக்குச் சாப்பாடு போடுறீங்க?" என்றாள். கண்ணுக்குத் தெரியாத ஆட்களுக்கு என்றேன். "அவங்க எப்போ வருவாங்க?" ஒரு மாசம் ஆகும் என்றேன். என்னைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தாள்.

எனக்கு அந்தக் காத்திருப்பு தொழில்நுட்பத்தைவிட ஒழுக்கம் சார்ந்த விஷயமாகத் தெரிகிறது. 'வசதி' என்ற சொல்லின் பழைய பொருளே வசிக்கும் இடம் என்பதுதான். வசிக்க வருகிறவர் வருவதற்கு முன்பே இடம் தயாராக இருக்க வேண்டும். வழக்கமாக நாம் செய்வது தலைகீழ்: ஞாயிற்றுக்கிழமை ஆசைப்பட்டு மீனை வாங்கிவிட்டு, திங்கட்கிழமை அதற்கு இடம் தேடுவது. நடுவில் வரும் கஷ்டத்தையெல்லாம் மீனின் "தாங்கும்" கணக்கில் எழுதிவிடுகிறோம்.

*

இப்போது கஷ்டமான கேள்வி. இதெல்லாம் செய்தால் அந்த மீன் நன்றாக இருக்கிறதா? எனக்கு எப்படித் தெரியும்?

சீன ஞானி சுவாங் ட்சுவைப் பற்றி ஒரு பழைய கதை. ஹாவ் ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு, மீன்கள் ஆனந்தமாக நீந்துகின்றன என்று அவர் சொல்கிறார். கூட இருந்த நண்பர், நீ மீன் இல்லையே, அதன் ஆனந்தம் உனக்கு எப்படித் தெரியும் என்று மடக்குகிறார். அந்த வாதம் இன்றும் ஆய்வகங்களில் நடக்கிறது. 2003இல் லின் ஸ்னெட்டன் குழுவினர் ட்ரௌட் மீன்களின் உதட்டில் அமிலத்தைச் செலுத்தியபோது அவை உதட்டைக் கற்களில் தேய்த்துக்கொண்டன. மார்ஃபின் கொடுத்ததும் அந்த நடத்தை குறைந்தது. மறுபக்கம், பிரையன் கீ போன்ற நரம்பியலாளர்கள் வலியை உணரத் தேவையான பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லை என்கிறார்கள். வாதம் முடியவில்லை. ஆனால் முடிவு தெரியும்வரை எந்தப் பக்கம் சாய்ந்திருப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. வலி இல்லாத மீனுக்கு 20 லிட்டர் கொடுத்தால் எனக்குச் சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். வலி உள்ள மீனுக்கு அரை லிட்டர் கொடுத்தால் அந்த நஷ்டம் முழுக்க மீனுடையது.

ஆக்ஸ்ஃபோர்டு விலங்கியலாளர் மேரியன் டாக்கின்ஸ் விலங்கு நலத்தை இரண்டு கேள்விகளாகச் சுருக்கினார். அது ஆரோக்கியமாக இருக்கிறதா? அதற்கு வேண்டியது அதற்குக் கிடைக்கிறதா? அளக்கத் தெரிந்த எஞ்சினியர் மனதுக்கு மிகவும் பிடித்த வரையறை இது. ஆனால் பெட்டா இதையும் சிக்கலாக்கிவிடுகிறது.

1963இல் டிராவிஸ் தாம்சன் என்ற உளவியலாளர் ஆண் பெட்டாக்களை வைத்துச் சோதனை செய்தார். ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்தால் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. பரிசு உணவு அல்ல, பிம்பம் மட்டும். அந்தப் பிம்பத்துக்காகவே மீன்கள் அந்தச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்தன. கண்ணாடியில் தெரிவது எதிரி. செவுள் மூடியை விரித்து, துடுப்பைச் சிலிர்த்து, சண்டைக்கு நிற்கும் நிலை. அதைத்தான் அது தேடிப் போனது.

அப்படியானால் தொட்டிக்குள் நிரந்தரமாக ஒரு கண்ணாடி வைத்துவிடலாமா? அது கேட்டதைத்தானே கொடுக்கிறோம்? கூடாது என்றுதான் மீன் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ஓடவும் முடியாத, ஜெயிக்கவும் முடியாத எதிரியோடு நாள் முழுக்க நின்றால் மீன் களைத்துப்போகும். காட்டில் இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு: ஒன்று விலகிப் போகும். கண்ணாடி விலகாது. இரவு இரண்டு மணிக்கு மொபைலில் முகம் தெரியாத எவருக்கோ பதில் எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேடிப் போகிறது என்பதும் அதற்கு நல்லது என்பதும் சில இடங்களில் பிரிந்துவிடுகின்றன. பிரிகிற இடத்தில் வளர்ப்பவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. "அதுக்கு என்ன வேணும்னு அதுக்கே தெரியும்" என்று ஒதுங்கிவிட முடியாது. "எல்லாம் எனக்குத் தெரியும்" என்றும் சொல்ல முடியாது. சிலர் செய்வது போல நானும் எப்போதாவது ஓரிரு நிமிடம் கண்ணாடி காட்டிவிட்டு எடுத்துவிடுகிறேன். அது சரியான அளவுதானா என்பதற்கு என்னிடம் டேட்டாஷீட் இல்லை.

மீன் வந்த பிறகு அக்கா மகள் கேட்ட கேள்வி: "அதுக்கு போர் அடிக்காதா மாமா?" செடியை இடம் மாற்றி வைத்தால் அது சுற்றிச் சுற்றி வந்து பார்க்கும் என்பதைக் காட்டினேன். அவள் கேள்விக்கு அது பதிலா என்று தெரியாது. ஆனால் தொட்டியில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

*

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருவர் கேட்கலாம்: இவ்வளவு யோசிக்கிற ஆள் ஏன் மீனை வாங்க வேண்டும்?

நியாயமான கேள்வி. இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஓர் உயிரை என் சந்தோஷத்துக்காக அடைத்து வைக்கலாமா என்பது ஒன்று. அடைத்து வைத்திருக்கும் உயிருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்பது மற்றது. இரண்டாவதை அழகாகச் செய்து முடித்தால் முதலாவது தீர்ந்துவிடாது. நல்ல ஜெயிலர் என்பதால் ஜெயில் நியாயமாகிவிடாது. அதே சமயம் முதல் கேள்வியின் பரிசுத்தத்தைக் காரணம் காட்டி இரண்டாவதைத் தள்ளிவிடவும் முடியாது. "வளர்ப்பதே தப்பு" என்று சொல்லிவிட்டு நகர்கிறவரால் பாட்டிலில் இருக்கும் மீனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகம் கிடைப்பதில்லை.

அதைத் திறந்து விடவும் வழியில்லை. நானூறு வருட வளர்ப்பில் உருவான இந்த நீளத் துடுப்பை வைத்துக்கொண்டு அது நம் ஊர்க் குளத்தில் கொக்குக்கும் விராலுக்கும் இரையாகலாம். தப்பித்தால், அங்கே ஏற்கனவே வாழ்கிற மீன்களுக்கு நாம் ஒரு அந்நியரைக் கொண்டுவந்து விட்டதாகும். சுதந்திரம் கொடுக்கும் வாய்ப்பை நமக்கு முன்னால் வந்தவர்கள் எப்போதோ செலவழித்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது பராமரிப்பு மட்டும்.

பாட்டிலில் இருந்து ஒன்றை வாங்கினால் அதைக் காப்பாற்றியதாகவும் ஆகாது. அலமாரியில் காலியான இடம் கடைக்காரருக்கு ஒரு ஆர்டர். அடுத்த வாரம் அங்கே இன்னொரு பாட்டில் வரும். நான் வாங்கிய மீனை 'மீட்டேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. பணம் கொடுத்தேன், வாங்கினேன், அதனால் அதன் மிச்ச வாழ்க்கைக்குப் பொறுப்பானேன். நல்ல பராமரிப்பில் பெட்டா இரண்டிலிருந்து நான்கு வருடம் வரை இருக்கும். அவ்வளவு காலத்துக்கு வாரா வாரம் தண்ணீர் மாற்றுவேனா, ஊருக்குப் போனால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவேன் என்பதெல்லாம் விலைப்பட்டியலில் இல்லாத விலை.

என் நண்பர்கள் யாராவது ஃபைட்டர் வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வதில்லை. முதலில் தொட்டியை மட்டும் வாங்கு, ஆறு வாரம் கழித்து மீனுக்குப் போவோம் என்கிறேன். மூன்று பேர் கேட்டார்கள். இருவர் மூன்றாவது வாரத்தில் ஆர்வம் போய் தொட்டியைச் செடி வளர்க்க வைத்துக்கொண்டார்கள். எந்த மீனும் கஷ்டப்படவில்லை, செடியும் நன்றாக வருகிறது. மூன்றாமவனோடு போனபோது கடைக்காரரிடம் கேட்டோம்: பெரிய தொட்டியில் தடுப்பு வைத்து விற்றால் கூட நூறு ரூபாய் தருகிறோம், செய்வீர்களா அண்ணே? அவர் சிரித்தார். "எல்லாரும் கேட்டா செய்யலாம் தம்பி. நீங்க ரெண்டு பேர்தானே கேக்குறீங்க."

அவர் சொன்னதும் ஒரு கணக்குதான். இந்த மாதம் மறுபடி போய்க் கேட்கப் போகிறோம்; இம்முறை நாலு பேர்.